விழுந்த காயின் தப்பு

கேரம் விதிகளுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உடைக்கும் முறை கிடைத்தவர், ஸ்ட்ரைக்கரை எதிராளி கையில் தராமலே தன் ஒன்பது வெள்ளைக் காய்களையும் சிவப்புக் காயான ரெட்டையும் போட்டு முடித்தால் அது வெள்ளை ஸ்லாம். எதிராளியின் ஒன்பது கறுப்பும் பலகையில் அப்படியே கிடக்கும். காய்க்கு ஒன்றாக ஒன்பது, ரெட்டுக்கு மூன்று, ஆக 12 புள்ளி. ஒரு போர்டில் அதற்கு மேல் எவராலும் எடுக்க முடியாது. அடுத்த போர்டில் உடைக்கும் முறை எதிராளிக்குப் போகிறது. அவர் உடைத்து எதுவும் விழாமல் ஸ்ட்ரைக்கர் இவரிடம் வந்து, இவர் அந்த முதல் முறையிலேயே ஒன்பது கறுப்பையும் ரெட்டையும் முடித்தால் அது கறுப்பு ஸ்லாம். இன்னொரு 12. இரண்டும் சேர்ந்து 24. ஆட்டமோ 25-இல்தான் முடியும்.

இரண்டு போர்டிலும் குறையென்று சொல்ல ஒன்றுமில்லாமல் ஆடியவர் இன்னும் வெல்லவில்லை. மூன்றாவது போர்டுக்கு உட்கார வேண்டும். அங்கே ஒரு தடவை கை பிசகினால் எதிராளி உள்ளே வரலாம், எட்டு போர்டு வரை ஆட்டம் இழுக்கலாம், கடைசியில் தோற்கவும் செய்யலாம். அப்போது பேப்பரில் வரும் வரி 24–25 என்று இருக்கும். அந்த இரண்டு போர்டுகளும் ஆடப்பட்ட விதத்தைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல்லும் இருக்காது. ஸ்லாம் என்று யாராவது தனியாகக் குறித்து வைத்திருந்தால் உண்டு.

கேரம் புள்ளி வினோதமானது. போர்டை முடித்தவருக்குக் கிடைப்பது அவர் போட்ட காய்களுக்கான கூலி என்று பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் எதிராளி போடாமல் விட்ட காய்களைத்தான் எண்ணுகிறோம். ஒன்பது காயையும் போட்டு ஒரு போர்டை ஒரு புள்ளியில் ஜெயிக்கலாம், அதே ஒன்பது காயைப் போட்டு 12-இலும் ஜெயிக்கலாம். என் புள்ளியில் பாதி எதிராளியின் கதை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் மோதும்போது இது இன்னும் சிக்கல். இருவரும் பெரும்பாலும் சரியாகவே ஆடுவார்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு அடியில் இருக்கும், அந்த அடி புள்ளியாக மாறுமா என்பது எதிராளி அதைத் தண்டித்தாரா என்பதைப் பொறுத்தது. தண்டிக்கப்படாத தவறு புள்ளிப்பலகைக்கு வருவதே இல்லை.

அமெரிக்காவில் பூல் ஆட்டத்தில் இதே எரிச்சல் பேட் ஃபிளெமிங் என்ற ஆட்டக்காரருக்கு இருந்திருக்க வேண்டும். 1980-களில் அவர் அக்யூ-ஸ்டாட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பெரிய தொழில்முறை ஆட்டங்களை வீடியோ எடுத்ததோடு ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு எண்ணையும் போட ஆரம்பித்தார். கணக்கு எளிது. போட்ட பந்துகளை மேலே வைக்க வேண்டும். போட்ட பந்துகளையும் செய்த தவறுகளையும் கூட்டிக் கீழே வைக்க வேண்டும். தவறே இல்லையென்றால் எண் 1.000. ஒன்பது பந்து ஆட்டத்தில் ஒன்பது ரேக் (சுற்று) ஜெயிக்க வேண்டிய மேட்ச் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரே எல்லாப் பந்தையும் போட்டால் 81. அதில் ஒன்பது தவறு, அதாவது ரேக்குக்கு ஒன்று, செய்திருந்தால் 81-ஐ 90-ஆல் வகுத்து .900. உலகத்தரம் என்று பூல்காரர்கள் பேசுவது இந்தக் கோட்டை ஒட்டித்தான். நான்கு தவறு என்றால் .953. ஒரே தவறு என்றால் .988.

வகுத்தல் கணக்கைப் பள்ளிப்பிள்ளை போடும். தவறு எது என்பதில்தான் அந்த மனிதரின் அறிவு இருக்கிறது. குழியில் விழாத பந்து தவறு, அதில் சண்டையில்லை. ஃபவுல் தவறு. ஆனால் பந்து விழுந்தும் வெள்ளைப் பந்து அடுத்த அடிக்கு உதவாத இடத்தில் போய் நின்றால் அதுவும் தவறு. எதிராளிக்கு அடி கிடைக்காமல் மறைக்க நினைத்து மறைக்காமல் விட்டால் அதுவும். அரங்கத்தில் கை தட்டிக்கொண்டிருக்கும்போது, மேசையோரம் ஒருவர் குனிந்து ஒரு கோடு போடுகிறார்.

அப்படி ஒரு கண்ணைக் கேரத்தில் நான் பார்த்தது, காரைக்காலுக்கு வடக்கே கடலை ஒட்டி இருக்கும் கோட்டுச்சேரிமேட்டில். மீன்பிடிக் கிராமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பொத்துவார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள், படகுக்கு வர்ணம் பூசுவார்கள். அது முடிந்த சாயங்காலங்களில் கேரம். அப்படி ஒரு சாயங்காலம் பார்த்த அடி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பையனுக்கு வெள்ளை, நான்கு காய் பாக்கி. அதில் ஒன்று எதிர்ப்பக்க வலது குழியின் வாயிலேயே நின்றது, ஊதினால் விழும். அதற்கு நேர் பின்னால் எதிராளியின் கறுப்பு ஒன்று. பையன் ஸ்ட்ரைக்கரை வைத்து, பார்க்கக்கூடப் பார்க்காமல், மெல்லத் தட்டி அந்த வெள்ளையைப் போட்டான். நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்:

“விழுந்துச்சு. ஆனா தப்பு.”

“எப்புடி சித்தப்பா தப்பு? காயிதான் போயிருச்சே?”

“அது வாயில நின்ன வரைக்கும் அவன் கறுப்புக்கு வழி இல்ல. இப்ப நீயே தொறந்து வுட்டுட்ட. உங்கிட்ட இன்னும் மூணு கெடக்கு. ஒண்ணு ஃப்ரேம்ல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. மொதல்ல அத எடுத்திருக்கணும், இது எங்க ஓடிப்போவுது?”

பையன் அடுத்த அடியில் ஃப்ரேம் காயைக் கட் பண்ணப் பார்த்தான், அது நகர்ந்ததே தவிர விழவில்லை. எதிராளி திறந்த வழியில் கறுப்பைப் போட்டார், அடுத்ததையும் போட்டார், போர்டு முடிந்தது. நோட்டில் எழுதப்பட்டது மூன்று புள்ளி. அந்தப் போர்டு எங்கே தோற்றது என்று தெரிந்தவர் பெரியவர் ஒருவர்தான். அவர் சொன்னது காற்றோடு போயிற்று. பையன் ஞாபகம் வைத்திருந்தால் அவனுக்கு அது பாடம், இல்லாவிட்டால் இல்லை.

பூலுக்கும் கேரத்துக்கும் இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. பூலில் வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. ஆகவே அங்கே இடம் பிடிப்பதே பாதி ஆட்டம். கேரத்தில் ஸ்ட்ரைக்கர் ஒவ்வொரு முறையும் கைக்குத் திரும்புகிறது, பேஸ் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். எனவே கேரத்தின் தவறு வேறு மாதிரி ஒளிந்துகொள்கிறது. எந்தக் காயை முதலில் எடுத்தோம், எதை வாயில் நிறுத்தி வைத்தோம், போட்ட வேகத்தில் எதிராளியின் எந்தக் கூட்டத்தைக் கலைத்துக் கொடுத்தோம், கலைக்க வேண்டிய நம் கூட்டத்தைக் கலைக்காமல் போனோமா என்று வரிசையிலும் விளைவிலும்தான் அது இருக்கிறது. பூலின் கணக்கை அப்படியே தூக்கி வந்து கேரத்தின் மேல் வைக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கின் மனசு, விழுந்த காயையும் தப்பென்று எழுதத் துணிவது, கோட்டுச்சேரிமேட்டுப் பெரியவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் கேரம் ஆடும் எந்தத் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

இந்தச் சின்னத் தவறுகளை ஏன் இவ்வளவு கவலையோடு பார்க்க வேண்டும் என்பதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. ஒரு ஸ்லாமுக்குப் பத்துக் காய் வரிசையாக விழ வேண்டும். நூறு அடிக்குத் தொண்ணூறு போடுகிறவர் பத்தும் தொடர்ச்சியாகப் போட வாய்ப்பு நூற்றுக்கு 35. தொண்ணூற்றைந்து போடுகிறவருக்கு 60. தொண்ணூற்றெட்டு என்றால் 82. தொண்ணூற்றொன்பது என்றால் 90. (எல்லா அடியும் ஒரே அளவு கடினம் என்று வைத்துப் போட்ட கணக்கு, உண்மையில் அப்படியில்லை என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.) தொண்ணூற்றைந்துக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஒரு அடியிலும் கண்ணால் பிடிக்க முடியாது. போர்டு முடியும்போது அது மலைபோல் நிற்கிறது. உச்சியில் இருப்பவர்களின் உழைப்பு முழுவதும் இந்தக் கடைசி நான்கு சதவீதத்தில் கரைகிறது. அதைத்தான் நாம் அளக்காமல் விடுகிறோம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தொண்ணூற்றெட்டையும் தொண்ணூற்றொன்பதையும் நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல ஒவ்வொருவருக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகளைப் பார்க்க வேண்டும். மூன்று கேம், கேமுக்கு அதிகபட்சம் எட்டு போர்டு, ஆக மொத்தம் 24 போர்டு வரை நீண்டாலும் ஒரு மேட்ச்சில் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் இருநூறு காய். இரண்டு உன்னத ஆட்டக்காரர்களில் யார் உசத்தி என்பதை ஒரு இறுதியாட்டம் நிரூபிக்காது. அன்று யார் ஜெயித்தார் என்பதைச் சொல்லும். அது பெரிய விஷயம்தான், கோப்பை அதற்குத்தான் தருகிறோம். ஆனால் திறமையை அறிய வருடக்கணக்கில், மேட்ச்மேல் மேட்ச்சாக எழுதி வைத்த பதிவு வேண்டும்.

சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் உருவானது சென்னையில். காய் ஐந்து முதல் ஐந்தரை கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மிகக்கூடாது, பலகையின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் என்று பொருளுக்கெல்லாம் அளவு கட்டியாகிவிட்டது. அரை கிராமுக்குக் கவலைப்பட்ட ஆட்டம் இது. ஆனால் ஆடுகிறவர்களைப் பற்றி நம்மிடம் இருப்பது பட்டங்களின் பட்டியல்தான். மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்றார், 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகச் சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் வடசென்னையின் காசிமா, பதினேழு வயதில், அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். ஆட்டோ ஓட்டுநரின் மகள் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. எழுத வேண்டிய செய்திதான். அந்தப் பெண் ஓர் இறுதியாட்டத்தில் எத்தனை அடி அடித்தார், எத்தனை விழுந்தது, விழுந்ததில் எத்தனை எதிராளிக்கு வழி திறந்தது, கட் அடியில் எப்படி, டபுளில் எப்படி என்று கேட்டால் வாசகனுக்குக் கையில் கிடைப்பது மீண்டும் அந்தப் புள்ளி வரிதான். வறுமையைப் பற்றி நுணுக்கமாக எழுதத் தெரிந்த நமக்கு, அந்தக் கை என்ன செய்தது என்று எழுதுவதற்கு ஒரு முறை இல்லாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மரிய இருதயம் தன் உச்சத்தில் ஆடிய ஆட்டங்களை யாராவது பெரியவரின் கண்ணோடு அடி அடியாகக் குறித்திருந்தால், இன்றைய பிள்ளை தன்னை அவரோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இப்போது நினைவுகளோடுதான் ஒப்பிட வேண்டும்.

சதுரங்கக்காரர்களுக்கு இந்தக் கவலை தீர்ந்துவிட்டது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டத்தின் 55-ஆவது நகர்வில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தியபோது, குகேஷ் அதை உணர்ந்துகொள்வதற்கு முன்பே நேரலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் திரையில் கணினி அதைக் காட்டிவிட்டது. ஒவ்வொரு நகர்வுக்கும் மனிதனை மிஞ்சிய ஒரு சாட்சி இருக்கிறது. அங்கேயும் கணினி தரும் துல்லிய எண்ணைக் கண்ணை மூடி நம்பிவிட முடியாது. இருவரும் சண்டைக்குப் போகாமல் காய்களை மாற்றிக்கொண்டு சமன் செய்த ஆட்டத்தில் துல்லியம் மிக உயரமாகக் காட்டும். கடினமான நிலைகளைத் தேடிப் போய் வென்றவருக்குக் குறைவாகக் காட்டும். தவறுகள் குறைவாக இருப்பதற்கு, கடினமான எதையும் செய்து பார்க்காததும் ஒரு காரணமாக இருக்க முடியும். பூலின் 1.000 மீதும் இதே கேள்வி விழுகிறது. பந்துகள் விரிந்து கிடந்த ரேக்குகளில் வந்த .980-உம், ஒட்டிக் கிடந்த பந்துகளைப் பிரித்துப் பிரித்து எடுத்து வந்த .930-உம் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடியவை என்று நான் நினைக்கவில்லை.

பூலிலும் கேரத்திலும் சாட்சி மனிதன்தான். நடுத்தர ஆட்டத்தில் அவன் கொஞ்சம் தவறினாலும் பாதகமில்லை. 81 பந்துக்கு 35 தவறு செய்தவருக்கு .698 வருகிறது. அதில் ஒன்றைத் தள்ளுபடி செய்தால் .704. யாரும் கவனிக்கப் போவதில்லை. ஒரே ஒரு தவறு எழுதப்பட்ட ஆட்டத்தில் அந்த ஒன்றைப் பற்றிச் சந்தேகம் வந்தால், .988-க்கும் 1.000-க்கும் நடுவே நிற்பது எழுதியவரின் தீர்ப்பு மட்டுமே. வெள்ளைப் பந்து ஒரு சாண் கூடுதலாக உருண்டது. அடுத்த அடி கடினமானது, ஆனால் அவர் அதையும் போட்டுவிட்டார். தவறா, இல்லையா? ஆட்டம் குறையின்மையை நெருங்க நெருங்க, எண் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்வதைக் குறைத்து, பார்த்தவரின் ஞானத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறது. இது அந்த அளவுகோலின் குறை என்று சிலர் சொல்வார்கள். அளவுகோல் இங்கே நேர்மையாக இருக்கிறது என்பேன் நான். உச்சத்தை அறிய உச்சத்தை அறிந்த கண் வேண்டும் என்பதை அது மறைக்கவில்லை.

கோட்டுச்சேரிமேட்டுப் போர்டில் இன்னொன்றையும் எழுத வேண்டும்: காற்று. கடற்காற்றின் ஈரத்தைப் பலகை குடிக்கும், பவுடர் திரளும், சாயங்காலம் ஏற ஏறக் காய் நாலடி போக வேண்டிய அடிக்கு மூன்றடி போகும். முன்பெல்லாம் போர்டுக்கு மேலே தாழ்வாகத் தொங்கிய குண்டு பல்பின் சூடு ஈரத்தைக் கொஞ்சம் உலர்த்திக்கொண்டே இருக்கும். எல்ஈடி வந்த பிறகு வெளிச்சம் கூடி, அந்தச் சூடு போய்விட்டது என்று அங்கே சொன்னார்கள். ஆட்டத்துக்கு முன் பலகையை வெயிலில் சாய்த்து வைத்து எடுக்கிறார்கள். குளிரூட்டிய அரங்கத்தில் ஆடிப் பழகியவரை இந்தப் போர்டில் உட்கார வைத்தால் முதல் அரைமணி நேரம் தவறுக்குமேல் தவறு விழும். இந்தப் பையன்களின் விரலுக்கு அந்த மந்தம் பழக்கம். அவர்களின் எண்ணை எழுதும்போது பலகையின் நிலைமையையும் பக்கத்தில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

உச்சவரம்பு இல்லாத ஆட்டங்களில் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி. பில்லியர்ட்ஸில் மைக்கேல் ஃபெரேரா 1978-இல் தேசியப் போட்டியில் 1149 புள்ளிக்கு ஒரே முறையில் ஆடினார், ஓர் அமெச்சூர் ஆயிரத்தைத் தாண்டியது அதுவே முதல் தடவை. அங்கே எவ்வளவு தூரம் போனார் என்பதே அளவு. கேரத்தில் 12-க்கு மேல் வழியில்லை. கூரை தாழ்வான வீட்டில் உயரத்தை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது, தவறுகளைத்தான் எண்ண வேண்டும்.

ஆகவே ஒரு தாளில் கட்டங்கள் போட்டேன். போட்ட காய்கள் ஒரு பத்தி. விழாத அடி, ஸ்ட்ரைக்கர் உள்ளே போனது, தப்பான வரிசை, எதிராளிக்கு வழி திறந்தது என்று நான்கு பத்தி. ஒட்டிய காய்க்கும் டபுளுக்கும் தனிக்குறி, கடினமான அடியை முயன்று தவறியதையும் எளிய அடியைத் தவறவிட்டதையும் ஒன்றாக எழுதக்கூடாது என்பதற்காக. பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில போர்டுகள் எழுதிப் பார்த்தோம். வரிசைத் தவறு என்று நான் எழுதாத இடங்களில் அவர் இரண்டு எழுதச் சொன்னார். வழி திறந்தது என்று நான் எழுதிய ஒன்றை அடிக்கச் சொன்னார்: “வேற எத அடிச்சிருப்பான்? இருந்ததே அது ஒண்ணுதான.” வேறு வழியில்லாத அடி தவறாகாது என்ற விதி அப்படித்தான் தாளில் ஏறியது.

சண்டை வந்தது ரெட்டில். ஒருவன் ரெட்டைப் போட்டு ஃபாலோ தவறினான், அதாவது அடுத்து தன் காய் ஒன்றைப் போட முடியவில்லை, ரெட் நடுவுக்குத் திரும்பியது. இதற்கு ஒரு தவறா, இரண்டா? பூலின் கணக்குப்படி பார்த்தால் பலகைக்குத் திரும்பிய காய் போட்ட காய் ஆகாது, தவறு ஒன்று. போட்டதில் ஒன்று குறையும், தவறில் ஒன்று ஏறும், அதுவே போதிய தண்டனை என்றேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரெட் அடித்த அடி நல்ல அடி, அதை ஏன் அழிக்க வேண்டும், தவறிய ஃபாலோவுக்கு மட்டும் கோடு போடு என்றார். பையன்களோ ஃபாலோ தெரியாமல் ரெட்டில் கை வைத்ததே வரிசைத் தவறு, இரண்டு எழுதணும் என்றார்கள். மூன்று பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் ரெட்டுக்குத் தனியாக இரண்டு பத்தி சேர்த்தேன், விழுந்தது, நிலைத்தது என்று. உயர்ந்த ஆட்டக்காரர்களிடம் இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பதை, ஒரு தேசியப் போட்டி முழுவதையும் இப்படி உட்கார்ந்து எழுதினால் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஆள், ஒரு பென்சில், ஆட்டம் தெரிந்த ஒரு பெரியவர் வேண்டும். மூன்றும் இந்தக் கடற்கரையிலேயே கிடைக்கும்.